சேறு படிந்த மவுன்டன் பைக்: குழாயடி இல்லாத வீட்டில் கழுவுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலக் கேள்விகளில் சேறும் தண்ணீரும் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான்காவது மாடி ஃபிளாட். பால்கனியில் குழாய் கிடையாது. கீழே பார்க்கிங்கில் ஒரு குழாய் உண்டு, ஆனால் அங்கே வண்டி கழுவக் கூடாது என்கிறது அசோசியேஷன். மழையில் ஓட்டிவிட்டு வந்தால் சைக்கிள் முழுக்கச் செம்மண். எவ்வளவு தண்ணீர் வேண்டும், எங்கே தொடங்குவது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: எட்டு லிட்டர் போதும். நனைக்கவும் கடைசியில் அலசவும் 4 லிட்டர், சோப்புத் தண்ணீர் 2 லிட்டர், செயின் பகுதிக்கு 1 லிட்டர், துணி அலச 1 லிட்டர். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவரின் சைக்கிளைவிட, அளந்து ஊற்றுகிறவரின் சைக்கிளில் பேரிங்குகள் நன்றாகவே இருக்கும். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்) ஆகிய மூன்றுக்கும் சேற்றைவிட, கிரீஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் தண்ணீர்தான் பெரிய கெடுதல். அதனால் குழாய் இல்லையே என்று வருந்த வேண்டாம்.

வேலை வீட்டில் அல்ல, ஓட்டி முடித்த இடத்திலேயே தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் சூடான ஊசியால் நாலைந்து துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே டயர், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் வளைவுக்கு அடிப்புறம், பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்னால் டயர் நுழையும் சந்து ஆகிய மூன்று இடங்களில் பீய்ச்சி, ஒரு குச்சியால் வழித்துவிடுங்கள். மொத்தச் சேற்றில் பெரும்பகுதி இந்த மூன்று இடத்தில்தான் இருக்கும். அங்கே செலவாகும் ஒரு லிட்டர் வீட்டில் மூன்று லிட்டரை மிச்சப்படுத்தும். பார்த்தீனியம் போன்ற களைகளின் விதை சேற்றோடு ஒட்டி ஊருக்குள் வராமல் இருக்கவும் இது உதவும். லிஃப்டில் ஏற்றும் முன் இரு சக்கரத்துக்கும் ஒவ்வொரு பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டால், அசோசியேஷனுக்குக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

பால்கனியில் விரிக்கப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. எட்டடிக்கு ஐந்தடி இருந்தால் முழு சைக்கிளும் அடங்கும். நான்கு ஓரத்துக்கும் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வையுங்கள். இரண்டு அங்குல உயரத்துக்குக் கரை கட்டியதுபோல் ஆகிவிடும், தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்காது.

அடுத்தது ஸ்பிரேயர். நர்சரியிலும் உரக்கடையிலும் கிடைக்கும் 5 லிட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயர் வாங்குங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த ஸ்பிரேயரை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முக்கால் பாகம் மட்டும் நிரப்பினால்தான் உள்ளே காற்றுக்கு இடம் இருக்கும், அழுத்தம் நிற்கும். இந்த வகை ஸ்பிரேயரில் 2 அல்லது 3 பார் அழுத்தம்தான் வரும். சேற்றை ஊறவைத்து இறக்க அது தாராளம், பேரிங் சீலைத் தாண்டி நுழைய அது போதாது. நமக்கு வேண்டியதும் அதுதான். 5 பார் அளவில் ஓடும் சிறிய பேட்டரி வாஷர்கள் சில உண்டு. அவையும் பரவாயில்லை, ஆனால் கைப்பம்ப் செய்யாத எதையும் அவை செய்துவிடப் போவதில்லை.

மேலிருந்து கீழாக ஒரு சுற்று நனைத்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். ஊறாத மண்ணின் மேல் ஸ்பாஞ்சு பட்டால் ஒவ்வொரு மணல் துகளும் பெயின்ட்டில் ஒரு கோடு இழுக்கும். வெயிலில் பார்த்தால் தெரியும் அந்த மெல்லிய வட்ட வட்டக் கீறல்கள் எல்லாம் கழுவும்போது விழுந்தவை, ஓட்டும்போது விழுந்தவை அல்ல.

ஊறியபின் முதலில் செயினையும் கேசட்டையும் (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) முடித்துவிடுங்கள், அதை அடுத்து ஃபிரேம். மாற்றிச் செய்தால் துடைத்த ஃபிரேமில் கறுப்பு எண்ணெய் தெறித்து, வேலை இரட்டிப்பாகும். ஃபிரேமுக்கு 2 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. கார் ஷாம்பு போதும். பாத்திரம் துலக்கும் பவுடரும் சோப்புக் கட்டியும் வேண்டாம். அவற்றில் உள்ள அரைக்கும் தூள் பெயின்ட்டை மங்கடித்துவிடும். சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும். தேங்காய் நாரும் கம்பி நாரும் ஃபிரேம் பக்கமே வரக்கூடாது. சீட், ஹேண்டில்பார், மேல் குழாய், பக்கக் குழாய்கள் என்று இறங்கி, அதிகச் சேறு பிடிக்கும் கீழ்க்குழாயின் அடிப்புறத்தைக் கடைசியில் தொடுங்கள். ஸ்பாஞ்சை முதலில் வெறும் தண்ணீர் வாளியில் பிழிந்துவிட்டுத்தான் சோப்பு வாளியில் முக்க வேண்டும். இரண்டு வாளி எதற்கு என்றால் இதற்காகத்தான். ஹப்புக்கும் கம்பிகளுக்கும் இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ், டயருக்குத் தனியாக ஒரு தரை பிரஷ்.

அலச ஒன்றரை லிட்டர் போதும். ஸ்பிரேயரை மேலிருந்து பிடியுங்கள். ஹப்பின் பக்கவாட்டிலிருந்து நேராக அடிக்க வேண்டாம். முடிந்ததும் சைக்கிளை நான்கு விரல் உயரம் தூக்கி டயர் மேல் லேசாக இரண்டு முறை போட்டால் சந்துகளில் நிற்கும் தண்ணீர் உதிரும். பிறகு துணியால் முழுக்கத் துடையுங்கள். வெள்ளமாகத் தேங்கிய வழியில் ஓட்டியிருந்தால் சீட் போஸ்ட்டையும் கழற்ற வேண்டும். உயரத்தை டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு கழற்றி, ஒரு நிமிடம் ஃபிரேமைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு தம்ளர் அளவுக்குச் செந்தண்ணீர் கொட்டுவது அதிசயம் இல்லை. அது அப்படியே உள்ளே நின்றால் பாட்டம் பிராக்கெட்டில்தான் போய் உட்காரும். ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும், கேபிள் உள்ள டிராப்பர் போஸ்ட் என்றால் இழுக்காதீர்கள், காலரைச் சுற்றித் துடைத்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் கரிசல் மண். மழை பெய்த மறுநாள் ஓட்டினால் சக்கரமே சுற்றுவதில்லை. ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக் உள்ள சாதாரண மவுன்டன் பைக். தண்ணீரை ஊற்ற ஊற்ற இன்னும் பசையாகிறது.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: செம்மண்ணுக்கு நேர்மாறான வழி இதற்கு. கரிசலில் உள்ள களிமண் தண்ணீரை உள்ளே இழுத்து ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். உங்கள் ஊர்க் காட்டில் கோடையில் காணும் பாளம் பாளமான வெடிப்பு ஃபிரேமிலும் நடக்கும். அதனால் தண்ணீரை எடுக்காதீர்கள். நிழலில் நிறுத்தி, மேற்புறம் நிறம் வெளுத்து, விரலால் அழுத்தினால் ஒட்டாத பதம் வரும்வரை விடுங்கள். காற்று இருந்தால் மூன்று நாலு மணி நேரம் ஆகலாம். அந்தப் பதத்தில் ஐஸ்கிரீம் குச்சியையோ பழைய பிளாஸ்டிக் அட்டையையோ ஓரத்தில் கொடுத்தால் தட்டையாகப் பெயர்ந்து வரும். முழுக்கக் காய்ந்து கல்லாகிவிட்டால் பெயின்ட்டையும் சேர்த்து எடுக்கும், அந்த அளவுக்கு விட வேண்டாம். பெயர்த்தபின் மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு மட்டும் ஈர ஸ்பாஞ்சு. மூன்று லிட்டரில் வேலை முடிந்துவிடும்.

வி-பிரேக் கட்டைகளைக் கட்டாயம் பாருங்கள். ரப்பரில் மணலும் சில சமயம் ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்கும் பொதிந்திருக்கும். ஊசியால் அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டு, ரப்பரின் முகத்தை உப்புத்தாளில் நாலு தேய் தேயுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ரிம்மின் சுவர் தேயும். சுவர் குழிந்துவிட்டால் ரிம்மையே மாற்ற வேண்டியிருக்கும்.

சக்கரம் சுற்றாத நிலையில் மிதித்துத் தள்ளுவதுதான் பெரிய ஆபத்து. சேறும் புல்லும் சேர்ந்து, கியர் மாற்றும் பின் டிரெய்லியரைப் பின்னோக்கி இழுத்துக் கம்பிகளுக்குள் செருகிவிடும். அதைத் தாங்கும் ஹேங்கர் வளைவதற்கென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்யப்பட்ட துண்டு. அது வளைந்தால் கியர் ஒன்றும் ஒழுங்காக விழாது. இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டு கெட்டியான தரைக்கு வந்துவிடுங்கள். சொல்லப்போனால், நனைந்த கரிசலில் அன்றைக்கு ஓட்டாமல் இருப்பதே மேல். உழுதது போன்ற தடங்கள் காய்ந்தபின் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், அடுத்து வருகிறவருக்கும் தொல்லை.

கேள்வி: தெருமுனையில் டூவீலர் வாட்டர் வாஷ் கடை இருக்கிறது. அங்கே கொடுத்தால் பத்து நிமிடத்தில் பளபளவென்று தருகிறார்கள். ஆனால் இரண்டாவது முறைக்குப் பிறகு டிஸ்க் பிரேக் கீச்சென்று கத்துகிறது, பிடிப்பதும் இல்லை. ஏன்?
– வாசகர், தாம்பரம்

பதில்: அந்தப் பளபளப்புதான் காரணம். மோட்டார் சைக்கிள் கழுவும் இடங்களில் தண்ணீர் அடித்த பிறகு இன்ஜின் பகுதிக்கு டீசலோ மண்ணெண்ணெயோ புகையாக அடிப்பதும், டயருக்கு பாலிஷ் போடுவதும் பல இடங்களில் வழக்கம். மோட்டார் சைக்கிளுக்கே நல்லதில்லாத பழக்கம் அது. சைக்கிளில் ரோட்டருக்கும் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) அதைக் கவ்வும் பேடுக்கும் எந்த மறைப்பும் கிடையாது. காற்றில் மிதந்து வரும் துளி எண்ணெயே பேடுக்குள் ஊறிப் பிடிப்பைக் குறைத்துவிடும். தண்ணீரின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. கடை பம்ப்பின் அழுத்தம் நூறு பார் அளவுக்கும் போகும், முதல் பதிலில் சொன்ன கைப்பம்ப் ஸ்பிரேயரைப்போலப் பல மடங்கு.

இப்போது செய்ய வேண்டியது: ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த புதுத் துணியால் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை பக்கத்தை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஏற்கெனவே செயின் துடைத்த துணியைத் தொடவே கூடாது. பேடுகளைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுங்கினால் 120 எண் உப்புத்தாளைத் தட்டையான தரையில் வைத்து, பேடை அதன் மேல் எட்டு வடிவத்தில் பத்துப் பதினைந்து முறை தேய்த்து, ஆல்கஹால் துணியால் துடைத்து மாட்டலாம். கருத்த ஈரத் திட்டு தெரிந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். பேடின் உள்ளமைப்பு நுண்துளை நிறைந்தது, மேலே தேய்ப்பதால் பயன் இல்லை. கேஸ் அடுப்பில் சுட்டு எடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பேடைத் தகட்டோடு ஒட்டும் பசை வெப்பத்தில் விட்டுப்போகலாம், இறக்கத்தில் உயிரோடு விளையாட வேண்டாம். புது பேடு வாங்குங்கள்.

மாட்டியபின் அதைப் பழக்க வேண்டும். ஆளில்லாத தெருவில் மிதமான வேகத்துக்கு வந்து, நடை வேகம்வரை பிரேக் பிடித்து விடுவிப்பதை 20 முறை செய்யுங்கள். அடுத்து சற்றுக் கூடுதல் வேகத்திலிருந்து 10 முறை. முன்னும் பின்னும் தனித்தனியாக. முழுக்க நிற்கவோ சக்கரம் பூட்டிக்கொள்ளவோ விடக்கூடாது. பேடின் மெல்லிய படலம் ரோட்டரில் சமமாக ஏறினால்தான் சத்தமில்லாமல் பிடிக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் செயின் மூன்றே நாளில் கறகறவென்கிறது. மண்ணெண்ணெயில் கழுவுகிறேன். சரியா? கழுவிய எண்ணெயை எங்கே கொட்டுவது?
– வாசகர், குன்னூர்

பதில்: மண்ணெண்ணெய் செயினுக்கு நல்ல கரைப்பான்தான். ஆனால் அது செயினோடு நிற்க வேண்டும். ஹப்பின் ரப்பர் சீல், ரோட்டர், பேடு மூன்றுக்கும் ஆகாது. இப்போது அது எளிதில் கிடைப்பதும் இல்லை. பெயின்ட் கடையில் விற்கும் டர்பன்டைன் அதே வேலையைச் செய்யும். பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய பால்கனியில் அதன் ஆவி தரையோடு படர்ந்து, பக்கத்துச் சமையலறைப் பொறியில்கூடப் பற்றிக்கொள்ளும்.

செயினில் க்விக் லிங்க் (எளிதில் கழற்றும் இணைப்புக் கண்ணி) இருந்து, உங்கள் கியர் 8 அல்லது 9 ஸ்பீடு (பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை) என்றால் செயினைக் கழற்றிக் கழுவுவதே சுலபம். வாய் அகன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் 150 மி.லி. ஊற்றி, செயினைப் போட்டு இரண்டு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி குலுக்குங்கள். இரண்டாவது பாட்டிலில் சுத்தமான 100 மி.லி. விட்டு இன்னொரு முறை. பிறகு வெந்நீரில் சில சொட்டு பாத்திர சோப்பு விட்டு அலசுங்கள். 11, 12 ஸ்பீடு செயின்களுக்கான க்விக் லிங்க்குகளில் பெரும்பாலானவற்றை ஒருமுறை கழற்றினால் மறுபடி மாட்டக்கூடாது என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அவற்றைக் கழற்றாமலே கழுவலாம். பின் சக்கரத்தை எடுத்துவிட்டு, சக்கரம் உட்காரும் இடத்தில் தடித்த ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் செருகி அதன் மேல் செயினை ஓடவிடுங்கள். ரோட்டர் அந்தப் பக்கமே இல்லாததால் எதுவும் தெறிக்கும் பயம் இல்லை. பிரஷ்ஷில் 10 மி.லி. கரைப்பான் தொட்டு, பெடலைப் பின்னோக்கி முப்பது சுற்று. பிறகு பனியன் வேஸ்ட்டால் இறுகப் பிடித்து இன்னொரு முப்பது.

சக்கரத்தைக் கழற்றிய நேரத்தில் பிரேக் லிவரைத் தப்பித்தவறிக்கூட அழுத்தாதீர்கள். ஹைட்ராலிக் என்றால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், ரோட்டர் மறுபடி நுழையாது. இரண்டு பேடுக்கும் நடுவே மடித்த அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள்.

கேசட்டைக் கழுவும்போது பற்கள் இருக்கும் பக்கம் கீழே பார்க்கும்படி சக்கரத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மேலே பார்த்தால் கரைப்பான் நேராகக் கேசட்டைத் தாங்கும் ஃப்ரீஹப்புக்குள் வழிந்து அங்கே உள்ள கிரீஸைக் கரைத்துவிடும். பற்களுக்கு இடையே பனியன் வேஸ்ட்டை நாடாபோல் கிழித்து இழுத்தால் பாதி அழுக்கு கரைப்பானே இல்லாமல் வந்துவிடும்.

டாய்லெட் கழுவும் ஆசிட், துரு நீக்கும் திரவம் எதையும் செயினில் படவிடாதீர்கள். அமிலம் கடினமான எஃகை எளிதில் உடையும்படி ஆக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் ஏற்றத்தில் மிதிக்கும்போது தகடு பிளக்கும்.

கழுவிய மண்ணெண்ணெயைக் கொட்டவே வேண்டாம். பாட்டிலை மூடி இரண்டு நாள் அசைக்காமல் வைத்தால் கறுப்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை இறுத்து, அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்துங்கள். அடியில் உள்ள கசடை மரத்தூளிலோ செய்தித்தாளிலோ உறிஞ்சவிட்டு அபாயக் குப்பையாகத் தனியே கட்டிக் கொடுங்கள். மலையில் சாக்கடை என்பது அடுத்த வளைவில் ஓடையாகிவிடும்.

இனி உங்கள் கறகறப்பு. பெரும்பாலும் காரணம் அழுக்கு அல்ல, ஈரச் செயினுக்கு எண்ணெய் விடுவதுதான். ரோலருக்குள் நிற்கும் தண்ணீரின் மேல் எண்ணெய் விட்டால், எண்ணெய் வெளியே மிதக்கும், தண்ணீர் உள்ளே பூட்டிக்கொள்ளும். மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் துரு. கழுவிய செயினைத் துணியால் துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில், அல்லது இரவு முழுக்க விசிறிக்கடியில் விடுங்கள். பிறகு ஒரு ரோலருக்கு ஒரே சொட்டு. 116 கண்ணி உள்ள செயினுக்கு மொத்தம் 5 மி.லி.க்குமேல் ஆகாது. கால் மணி நேரம் ஊறியதும் வெளிப்புறத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்தான் வேலை செய்கிறது, வெளியே இருப்பது மண்ணை மட்டுமே கூப்பிடும். குன்னூர் மழைக்கு வெட் லூப் எனப்படும் ஈரக்காலச் செயின் எண்ணெய் வகை சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறையும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், ஆனால் முதல் மழையில் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் வந்தால் செயினை அளந்துபாருங்கள். அங்குல ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு சரியாக இன்னொரு பின்னின் நடுவில் விழும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் நீண்டிருக்கிறது. 11, 12 ஸ்பீடில் உடனே மாற்ற வேண்டும். மற்றவற்றில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம், 1/8 அங்குலம் ஆகும்வரை விட்டால் கேசட்டும் சேர்ந்து போகும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடித்துத் துடைத்தால் தண்ணீரே வேண்டாம் அல்லவா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. நீலமும் மஞ்சளுமான அந்த வழக்கமான டப்பாவில் பெரும்பகுதி கரைப்பான். ஈரத்தை வெளியேற்றும், துருப்பிடித்த போல்ட்டை இளக்கும். செயினில் அடித்தால் இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். பேரிங், ஃபோர்க் சீல், ரோட்டர் பக்கம் அந்த டப்பாவை நீட்டாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வீடமைப்பு வாரிய அடுக்குமாடியில் இருக்கிறோம். புலாவ் உபின் தீவின் கேத்தாம் பாதையில் ஓட்டிவிட்டு வந்தால் குளியலறையில்தான் கழுவ வேண்டும். போன முறை தரைக்குழியின் ஜாலியில் வலை வைத்தும் அடைத்துக்கொண்டது.
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: ஜாலியில் வலை வைத்தும் அடைத்துக்கொண்டது என்றால் ஆச்சரியம் இல்லை. இலையும் சரளையும்தான் வலையில் நிற்கும். செம்மண்ணின் நுண்ணிய களி வலையைத் தாண்டிப் போய், துர்நாற்றம் வராமலிருக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில் படியும். ஆகவே சேற்றுத் தண்ணீரைத் தரைக்கே விடாமல் பிடிக்க வேண்டும். படகேறும் முன் குச்சியால் வழித்து எடுப்பது முதல் வேலை. வீட்டில் இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டால் ஃபிரேம் சிறுத்துவிடும். குழந்தை குளிப்பாட்டும் தொட்டி ஒன்றை அடியில் வைத்து, ஃபிரேமை அதற்கு மேல் நிறுத்தி, ஸ்பிரேயரால் நனைத்து ஸ்பாஞ்சால் துடையுங்கள். சக்கரங்களையும் அதே தொட்டியில் நிறுத்தி, உருட்டியபடியே பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஷவரைப் பயன்படுத்தினால் மெல்லிய தூறலில் வையுங்கள்.

முதல் நனைப்பில் சோப்புச் சேர்க்காதீர்கள். அந்தத் தண்ணீர் பத்து லிட்டர் இருந்தால் கால் டீஸ்பூன் படிகாரத் தூளைப் போட்டுக் கலக்கி, அசைக்காமல் விடுங்கள். தானாகப் படிய ஒரு நாள் எடுக்கும் களி ஒரு மணி நேரத்துக்குள் பூப்பூவாகத் திரண்டு அடியில் இறங்கிவிடும். ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்க நம் பாட்டிமார் செய்த அதே வேலை. தெளிந்ததைக் குழியில் ஊற்றுங்கள், அடி மண்ணைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

இடம் போதாமல் சைக்கிளைப் பின் சக்கரத்தில் செங்குத்தாகவோ தலைகீழாகவோ நிறுத்தியிருந்தால், ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய்த் தொட்டியில் இருக்கும் சிறு காற்றுக்குமிழ் குழாய்க்குள் நகர்ந்திருக்கக்கூடும். நேராக நிறுத்திச் சற்று நேரம் விட்டு, லிவரைப் பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பாருங்கள். அப்படியும் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிளீட் செய்யாமல், அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றாமல், ஓட்டக்கூடாது.

கேள்வி: போர்வெல் தண்ணீரில் துடைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழியும் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: சேறு ஊறவைக்கும் முதல் நனைப்புக்குப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்கு வேண்டாம், அதில் உப்பு போர்வெல்லைவிட அதிகம். கடைசித் துடைப்புக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை, திட்டு விழாது. கடற்கரை மணலில் ஓட்டிய அன்று உப்புத் தண்ணீரால் அலசுவதில் அர்த்தமே இல்லை. அன்றைக்கு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரை ஒதுக்கிவிடுங்கள். போல்ட் தலைகளும் கம்பிகளின் நிப்பிள்களும்தான் முதலில் அரிக்கும்.

கேள்வி: ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒவ்வொரு முறையும் கறுப்பு வளையம் படிகிறது. சீல் போய்விட்டதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மெல்லிய வளையம் என்றால் பயப்பட வேண்டாம். சீல் தன் வேலையைச் செய்து அழுக்கை வெளியே நிறுத்துகிறது. எண்ணெய் வழிந்து கீழ்க்கால்வரை இறங்கினால்தான் சீல் போய்விட்டது. துடைக்கும் முறை முக்கியம். காய்ந்த மண் மேல் காய்ந்த துணி கூடாது. ஈரத் துணியால் சீலின் விளிம்பைச் சுற்றித் துடைத்து, ஹேண்டில்பாரை ஐந்தாறு முறை அமுக்கி விடுங்கள், உள்ளே ஒட்டியிருந்தது மேலே வரும். அதையும் துடையுங்கள். வளையம் வராதவரை இப்படியே. செயின் எண்ணெயைத் தடவாதீர்கள், மண் ஒட்டும்.

துடைப்பது சர்வீஸுக்கு மாற்று அல்ல. சீலுக்குக் கீழே எண்ணெயில் ஊறிய ஃபோம் வளையம் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் கலந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஃபோர்க் தயாரிப்பாளர்களில் ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. மழையில் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே செய்வது நல்லது. ஃபோர்க்கின் அந்தப் பளபளப்பான குழாயின் பூச்சில் ஒரு கீறல் ஆழமாக விழுந்துவிட்டால் அதற்கு மருந்தே இல்லை, குழாயையே மாற்ற வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு வரவே இரவு பத்து மணி. மறுநாள் காலை வேலை. அப்படியே நிறுத்தினால் என்ன ஆகும்?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: கரிசல் அல்லாத சேறு ஃபிரேமில் ஒரு வாரம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, அதை விட்டுவிடுங்கள். அன்றிரவே செய்ய வேண்டியவை மூன்று. செயினைப் பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைத்து, பத்து நிமிடம் விசிறிக் காற்றில் விட்டு எண்ணெய் போடுவது. முழுக்கக் காயாதுதான், ஆனால் இரவு முழுக்க வெறும் ஈரத்தோடு விடுவதைவிட இது மேல். வார இறுதியில் முறையாகக் கழுவிக்கொள்ளலாம். அடுத்தது ஃபோர்க் குழாயையும் பின் ஷாக் இருந்தால் அதன் தண்டையும் ஈரத் துணியால் துடைப்பது. மூன்றாவது, சைக்கிளை நனைந்த சாக்கோடு சுவரில் சாய்க்காமல், சாக்கை எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துவது. அரை லிட்டர் தண்ணீரும் செலவாகாது. கிளிப் வகை பெடல் என்றால் அதன் ஸ்பிரிங்கில் அடைத்திருக்கும் மண்ணையும் குச்சியால் குத்தி எடுத்துவிட்டுப் படுங்கள். காய்ந்து இறுகிவிட்டால் அடுத்த முறை ஷூ மாட்டாது, மாட்டிக்கொண்டால் கழலாது.